அறுபத்தொரு வசவுகள்

அந்த மொழியை யாரும் பேசுவதில்லை.
எழுதத்தான் செய்கிறோம்,
தக்கலையில் டயர் கடைக்கு மேலே
நானும் ரெஜிலினும்,
பஞ்சர் பசையின் வாசம்
படியேறி வரும் அறையில்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு நூலகம்.
நூலகம் என்றதும் அலமாரியை நினைக்காதே.
தேதியோடு தேதி கூட்ட ஒரு துண்டு,
பெயர்களை அகரவரிசையில் நிறுத்த ஒரு துண்டு,
அரைப் பைசாவை மேலே தள்ளவா கீழே விடவா என்று
தீர்ப்புச் சொல்ல ஒரு துண்டு.
இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு.
வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.
எடுத்ததைச் சொல்ல வேண்டியதில்லை.
சொன்னதுமில்லை.

அந்த மொழிக்குக் கம்பைலர் விற்கும்
கம்பெனிகள் மூன்று.
சுவரில் அட்டை, அட்டையில் மூன்று பத்தி.
முதல் இரண்டும் எப்படியோ பச்சை.
மூன்றாவதில்
நூற்று நாற்பதாம் துண்டில் தொடங்கிய சிவப்பு
குலசேகரத்து ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதை மாதிரி
இறங்கிக்கொண்டே போனது.

எழுதினோம்.
வாரம் ஒருமுறை உங்கள் கம்பைலரில்
எங்கள் துண்டுகளை ஓட்டிப் பாருங்கள்.
ஒரு மெஷின், ஒரு ஆள். காசு வேண்டாம்.
பதில் ஒரே வரி:
எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?

"கூரையில எத்தன ஓடு இருக்குன்னு
ஒழுகாத வரைக்கும் எவனாவது எண்ணுவானா டே?"
என்றாள் ரெஜிலின்.
அதைப் பதிலாக அனுப்ப முடியாது.
'பலர்' என்று எழுதி, அழித்து,
'கணிசமானோர்' என்று எழுதி,
அதையும் அழித்துவிட்டு
சாயா குடிக்க இறங்கினோம்.

ஆடியில் நான் ஒரு பிழை செய்தேன்.
'பெரிது அல்லது சமம்' என்று இருக்க வேண்டிய இடத்தில்
சமம் விட்டுப்போனது.
அரைப் பைசாக்கள் எல்லாம்
சத்தமில்லாமல் கீழே விழுந்தன.

விடியும் முன்பே தோவாளையிலிருந்து போன்.
"என்னவே, பிச்சிப்பூ எடைக்கு ஒரு கணக்கு
பில்லுக்கு ஒரு கணக்கா?"
ஆறு மணிக்குக் குளச்சல் ஐஸ் பிளாண்ட்.
பிறகு முப்பந்தலில் காற்றாலைக் கணக்கு எழுதுகிறவர்,
அடித்த காற்றுக்குப் பதில் கேட்டு.
மார்த்தாண்டத்தில் தேன் வாங்கும் கடை.
ஊர் பெயரே தெரியாத இடங்களிலிருந்து மெயில்;
ஒன்று போர்ச்சுக்கீசிய மொழியில்.
மொழிபெயர்க்காமலே புரிந்தது.

ஒன்பது மணிக்குள் திருத்திவிட்டேன்.
ராத்திரிக்குள் அறுபத்தொரு வசவு.
வெட்கத்தில் ஒவ்வொன்றாய் அழிக்கப்போன
என் கையைப் பிடித்தாள் ரெஜிலின்.
"அழிச்சிராத.
அவங்க கேட்டது இதத்தான்."

நாள், ஊர், துண்டின் எண், வசவு.
கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் புள்ளி வைத்து
இணைத்து அனுப்பினோம்.

பதினெட்டாம் நாள் வந்தது பதில்:
வாரத்தில் அரை நாள்,
பழைய மெஷின் ஒன்று,
புனேயிலிருந்து மிருணாளினி கேல்கர்.

முதல் வாரமே அவள் கண்டுபிடித்தாள்,
கோளாறு எங்கள் துண்டில் இல்லை,
அவர்கள் கம்பைலரில்.
எட்டு வருஷமாக உள்ளேயே கிடந்திருக்கிறது,
வெளியிலிருந்து யாரும் தட்டாததால்.

சிவப்பு வற்றியது.
ஒரு நாள் அட்டை முழுக்கப் பச்சை.
அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.
பச்சை நின்றது பதினொரு மணி நேரம்.

அன்று ராத்திரி புதிய துண்டு ஒன்று சேர்த்தேன்.
காலையில்
கீழே காற்றடிக்கும் மெஷின் ஓய்ந்த நேரம்
கேல்கரின் மெயில்.
யார் இதைச் சோதிக்காமல் உள்ளே விட்டது
என்று தொடங்கியது.
ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்;
எங்கள் என்பதற்கும் நம் என்பதற்கும்
அங்கே ஒரே சொல்தான்.

ரெஜிலின் தமிழில் உரக்க வாசித்தாள்:
"நம்ம நூலகம் ஒடஞ்சு கெடக்கு."

அறுபத்திரண்டு
என்று எண் போட்டேன்.